பிரிவது நீங்கள் இருவரும்; பிள்ளைக்கு அதில் வேலை வேண்டாம்

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டைரியை நீட்டிக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், இதுல அம்மா கையெழுத்து போட்டா அப்பா கோவிச்சுப்பாங்களா?" என்று கேட்டாள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒருநாள் அழைத்துப்போவதற்கான சம்மதக் கடிதம் அது. அதில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று நாங்கள் உற்றுப் பார்ப்பதுகூட இல்லை. அவளோ ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எட்டு வயது.

பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். விவாகரத்து வழக்கு நடக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையை இப்போது எனக்குத் திங்கட்கிழமையிலேயே தெரிந்துவிடும். சிலர் ஓயாமல் பேசுவார்கள், சிலர் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். அவர்களைச் சோர்வடைய வைப்பது அப்பாவும் அம்மாவும் தனித்தனி வீட்டில் இருப்பது மட்டும் இல்லை. பெரியவர்களின் சண்டையில் அவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கும். தூது போவது, உளவு பார்ப்பது, சாட்சி சொல்வது, அழுகிறவரைத் தேற்றுவது. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த வேலைகளில்தான் அடங்கும். (இங்கே வரும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் ஒரு பயத்தைக் குறைத்துவிடுகிறேன். "பிள்ளை வாழ்க்கையையே கெடுத்துட்டோமோ" என்று என்னிடம் அழாத தாய் தகப்பன் குறைவு. அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெத்தரிங்டன் சுமார் முப்பது வருடங்களாக, ஏறக்குறைய 1,400 குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர். பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் 20 முதல் 25 சதவீதம் பேருக்குப் பின்னாளில் கனமான பிரச்சினைகள் இருந்தன. பிரியாத வீடுகளில் அது சுமார் 10 சதவீதம். வித்தியாசம் சிறியது அல்ல, மறைக்கவும் வேண்டாம். ஆனால் நான்கில் மூன்று பிள்ளைகள் தேறி வந்துவிட்டார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அது அமெரிக்கக் கணக்குதான். நம் ஊரில் தாத்தா பாட்டி, சொந்தபந்தம், ஊர்ப்பேச்சு என்று வேறு பல விஷயங்கள் கூடும். ஆனாலும் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தீர்மானிப்பவற்றில் பெரும்பகுதி, பிரிந்த பிறகு பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம்தான் என்பதை என் வகுப்பறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

"பிள்ளைகளுக்காகத்தான் சேர்ந்து இருக்கோம்"

பாத்திரம் பறக்கும் வீட்டில், தினமும் கத்தலும் அடியும் இருக்கும் வீட்டில், இதைச் சொல்வது பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றுவது. "என்னாலதான் அம்மா அடி வாங்குறா" என்று ஒரு பையன் என்னிடமே சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட சண்டையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் பலர் முன்பைவிட நிம்மதியாகவே இருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. வெளியே சத்தமே இல்லாத வீட்டில், திடீரென்று ஒருநாள் பிரிவு என்று சொன்னால் பிள்ளைக்கு அடி இன்னும் பலமாக விழும். சமூகவியலாளர் பால் அமாட்டோவின் ஆய்வுகளும் இதையே காட்டின. கண்ணுக்குத் தெரிந்து எதுவும் உடையாதபோது வீடு ஏன் உடைந்தது என்று பிள்ளைக்கு விளங்காது. விளங்காத இடத்தைத் தன் மேல் பழி போட்டு நிரப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டில் சண்டையே இல்லையே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற தம்பதிதான் அதிக நேரம் எடுத்துப் பேச வேண்டும்.

சொல்லாமல் விடுவது, அல்லது பொய் சொல்வது

"அப்பா துபாய்ல வேலைக்குப் போயிருக்கார்." இந்தப் பொய்யை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சித்தியோ பெரியம்மாவோ பேசும்போது அது உடையும். அப்புறம் அந்தப் பிள்ளை அம்மா சொல்லும் எதையும் நம்பாது. சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாலும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஒருவர் வீட்டை விட்டுப் போவதற்குச் சில நாட்கள் முன்பே, முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். எங்கே தூங்கப்போகிறாய், எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவை என்றைக்குப் பார்ப்பாய், நாய்க்குட்டி யாரிடம் இருக்கும்: பிள்ளையின் கேள்விகள் இப்படித்தான் வரும். காரணங்களின் பட்டியல் அதற்கு வேண்டாம், யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்பது வேண்டவே வேண்டாம். "அப்பாவும் அம்மாவும் இனிமே தனித்தனி வீட்டுல இருக்கப்போறோம். இது பெரியவங்க எடுத்த முடிவு. நீ செஞ்ச எதுவும் இதுக்குக் காரணம் இல்ல. ரெண்டு பேரும் உனக்கு எப்பவும் அப்பா அம்மாதான்." இவ்வளவுதான் மையம்.

இதில் ஒரு வாக்கியத்தைத் தவிர்க்கச் சொல்வேன்: "எங்களுக்குள்ள அன்பு போயிடுச்சு." பெரியவர்களுக்கு அது நேர்மையான பேச்சு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து வரும் அடுத்த கேள்வி, "அப்போ என் மேல இருக்கிற அன்பும் ஒருநாள் போயிடுமா?" என்பது. அதை வாய்விட்டுக் கேட்காது. ராத்திரி படுக்கையை நனைக்கும், விரல் சூப்பும், அம்மா குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று அழும்.

அப்புறம், ஒருமுறை சொன்னால் முடிந்துவிடாது. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், தாங்கள் நினைத்ததாலேயே விஷயங்கள் நடக்கின்றன என்று நம்பக்கூடிய வயதில் இருப்பவர்கள். "நான் ஹோம்வொர்க் எழுதாததாலதான் அவங்க சண்டை போட்டாங்க." எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையன், முதல் ரேங்க் வாங்கிவிட்டால் அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு வருடம் முழுக்கப் படித்தான். வாங்கினான். ரேங்க் அட்டையை எடுத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு ஓடினான். அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. உன்னால் இது நடக்கவில்லை, உன்னால் இது மாறவும் மாறாது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். மாதா மாதம் சொல்ல வேண்டியிருந்தாலும் சலிக்காமல் சொல்லுங்கள்.

தபால்காரர், உளவாளி

"உங்க அப்பாகிட்ட சொல்லு, இந்த மாசம் ஃபீஸ் இன்னும் கட்டலன்னு." இப்படிச் சொல்லும்போது ஒரு செய்தியை அனுப்புவதாக நினைக்கிறோம். பிள்ளையின் கையில் போவது ஒரு வெடி. அதைக் கொடுத்ததும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கப்போவது அந்தப் பிள்ளைதான். கட்டணம், மருந்து, பெற்றோர் கூட்டம், லீவு நாள் எல்லாவற்றையும் நீங்கள் இருவருமே நேரடியாகப் பேசுங்கள். குரல் உயராமல் பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பிள்ளையின் விஷயம் மட்டும், நாலு வரி, பழைய கணக்கு எதுவும் இல்லாமல்.

உளவு இன்னும் மோசம். ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போது, "அப்பா புது வண்டி வாங்கிட்டாராமே? வீட்டுக்கு யாரு வந்தாங்க?" என்று விசாரிப்பார்கள். அந்தப் பக்கம், "அம்மா யார்கூட ஃபோன் பேசுறா?" பிள்ளை சீக்கிரமே கற்றுக்கொள்ளும் பாடம், இரண்டு வீட்டிலும் வாயை மூடிக்கொள்வது. பதினைந்து வயதில் "என்கிட்ட எதுவுமே சொல்ல மாட்டேங்கிறான்" என்று இதே பெற்றோர் வந்து புலம்பும்போது எனக்கு அவனுடைய எட்டு வயதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அங்கே போய்விட்டு வந்த பிள்ளையிடம் "நல்லா இருந்துச்சா? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், அது போதும். நல்லா இருந்தது என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டால், அடுத்த முறை அங்கே கிடைத்த ஐஸ்கிரீமைக்கூட அது மறைத்துவிடும்.

"நீ அப்படியே உங்க அப்பன்"

கோபத்தில் வாய் தவறி வரும் வாக்கியம். பிள்ளைக்குத் தெரியும், தான் பாதி அப்பா, பாதி அம்மா என்று. மூக்கு அப்பாவுடையது என்று ஊரே சொல்லியிருக்கும். அப்பா கெட்டவர் என்றால் தன்னிலும் பாதி கெட்டது என்று அதற்குப் படும். தாத்தா பாட்டி, அத்தை, மாமா இவர்களையும் இதில் கட்டுப்படுத்த வேண்டும். நான் பார்த்தவரை பெற்றவர்களைவிட அவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். "அம்மா உன்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டா" என்று ஊட்டிவிடும்போதே சொல்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். உங்கள் அம்மாதான், உங்கள் மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார்தான். ஆனாலும் "பிள்ளை முன்னாடி வேண்டாம்மா" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளையின் மனத்தைத் திருப்புவதால் வரும் கேட்டைப் பற்றி 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே கவலையோடு பேசியிருக்கிறது.

நல்லதாகப் புனைந்து சொல்லவும் வேண்டாம். மூன்று மாதமாக வராத அப்பாவைப் பற்றி "அவருக்கு உன்மேல உயிர்" என்று சொன்னால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "அப்பா ஏன் வரலன்னு எனக்குத் தெரியல. உனக்கு வருத்தமா இருக்கும்னு தெரியுது." இப்படிச் சொல்வதில் பொய்யும் இல்லை, வசையும் இல்லை.

கோர்ட்டும் பிள்ளையும்

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறீர்களா? பள்ளிச் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வாய்தா வாய்தாவாக அவர்களையும் கூட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிபதி வரச் சொல்லாத நாளில் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்தால் பாதி பதற்றம் குறையும். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு இளவர் (மைனர்), காப்பாளர் சட்டத்தின்படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் யாரிடம் என்பதில் அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலனை வைக்கிறது அந்தச் சட்டம். எல்லா மதத்தவருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டுச் சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. இந்தக் கடைசி வரிதான் பெற்றோரைப் பைத்தியமாக்குகிறது. முந்தின ராத்திரி உட்காரவைத்து, "ஜட்ஜ் கேட்டா அம்மாகிட்டதான் இருப்பேன்னு சொல்லு" என்று ஒப்பிக்க வைக்கிறார்கள். பிள்ளையிடம் தனியாக, தன் அறையில் வைத்துப் பேசும் நீதிபதிக்கு மனப்பாடம் செய்த பேச்சு தெரியாமல் போகாது. நீதிபதியைவிட எனக்குப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை. எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாக அது பல வருடம் நினைத்துக்கொள்ளும். "யார்கூட இருக்க ஆசை?" என்று வீட்டில் நீங்களும் கேட்காதீர்கள், உறவுக்காரர்கள் விளையாட்டாகக் கேட்டாலும் தடுத்துவிடுங்கள். முடிவு பெரியவர்களுடையது என்று தெரிந்தால் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

பணத்தையும் பார்க்கும் நாளையும் முடிச்சுப்போடுவது இன்னொரு தவறு. "ஜீவனாம்சம் தரலை, அதனால காட்ட மாட்டேன்." "காட்டலை, அதனால தர மாட்டேன்." இரண்டும் பிள்ளையின் உரிமைகள், ஒன்றுக்கு ஒன்று பிணையாக வைக்க அவை உங்களுடையவை அல்ல. பணம் வராவிட்டால் நீதிமன்றத்தில் மனு போட வழி இருக்கிறது, பார்க்க விடாவிட்டாலும் வழி இருக்கிறது.

போகும் நாள், வரும் நாள்

"விசிட்டிங்" முடிந்து வரும் பிள்ளை அழும், எரிந்துவிழும், சாப்பிடாது. உடனே "அங்க ஏதோ பண்ணியிருக்காங்க" என்ற முடிவுக்கு வருவார்கள். பெரும்பாலும் அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும் களைப்புதான். ஒருவரைப் பிரிந்து வந்த துக்கம். ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். கேள்வி வேண்டாம். பழைய வழக்கம் ஒன்று, குளிக்க வெந்நீரோ, ரசம் சாதமோ, கதையோ, அது பிள்ளையை நிலைக்குக் கொண்டுவரும்.

பார்க்க வருகிறவர் செய்யும் தவறு வேறு மாதிரி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தானே என்று பொம்மைக் கடையும் மாலும் சுற்றிக் காட்டுவார். பிள்ளைக்கு வேண்டியது அப்பாவோடு சேர்ந்து கணக்குப் போடுவது, அப்பா சுடுகிற கருகின தோசை, மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போவது. அதைவிட முக்கியமாக, வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வருவது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்கு "மீட்டிங்" என்று ஃபோன் வருவதை ஈடுகட்டும் பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் தினமும் ஐந்து, பத்து நிமிடம் பேசுங்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தொலைபேசியிலும் காணொளியிலும் பேசுவதைத் தொடர்புரிமை என்றே சொன்னது.

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், குலதெய்வக் கோயிலில் காது குத்து: இவையெல்லாம் யாரிடம் என்பதை ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பண்டிகை நாளில் வாசலில் நின்று பேரம் பேசுவதைப் பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், குடிபோதையில் வன்முறை, பிள்ளையிடம் தவறான நடத்தை இருந்த வீட்டுக்கு மேலே சொன்ன "இருவரும் சேர்ந்து" என்ற பேச்சு எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ள உத்தரவு கேட்கலாம். சந்திப்பால் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று பட்டால் மாஜிஸ்திரேட் அந்தச் சந்திப்பையே மறுக்கலாம்.

"இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள"

பதினொரு வயதுப் பையனிடம் தாய்மாமன் சொன்ன வார்த்தை. அன்றிலிருந்து அந்தப் பையன் விளையாட வருவதை நிறுத்திவிட்டான். பெண் பிள்ளையாக இருந்தால் அம்மாவுக்குத் தோழியாகிவிடுவாள், ராத்திரி முழுக்க அம்மாவின் அழுகையைக் கேட்பாள், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவாள். எல்லோரும் "எவ்வளவு பொறுப்பு!" என்று பாராட்டுவார்கள். எனக்கு இந்தப் பொறுப்பான பிள்ளைகளைப் பார்த்தால்தான் அதிக பயம். கத்துகிற பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறார்கள், இவர்களை யாரும் கவனிப்பதில்லை.

நீங்கள் அழக் கூடாது என்று சொல்லவில்லை. "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நேரத்துல சரியாயிடும், சித்திகிட்ட பேசிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய் அழுங்கள். யாரும் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடப்பது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான எண் 1098. தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், காரணமில்லாத வயிற்றுவலி தொடர்ந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகத் தயங்காதீர்கள். "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னும் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு, பள்ளி, ஊர் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். ஒன்றையாவது பழையபடி விட்டுவைக்கப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். எங்களுக்குக் கதை வேண்டாம், "வீட்டில் மாற்றம் நடக்கிறது" என்ற ஒரு வரி போதும். தந்தையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும் முன்பு நாங்கள் கொஞ்சம் யோசிப்போம்.

ஏற்கெனவே செய்துவிட்டால்

இதைப் படிக்கும் பலர் இவற்றில் நாலைந்தைச் செய்திருப்பீர்கள். தூக்கம் இல்லாமல், பணம் இல்லாமல், கோர்ட்டுக்கு அலைந்துகொண்டு, யாரும் தெய்வம்போல நடந்துகொள்ள முடியாது. ஆனால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க முடியும், அதற்குத் தாமதம் என்று ஒன்று இல்லை. பதினான்கு வயது மகனிடம், "அப்பாவைப் பத்தி உன்கிட்ட நிறைய தப்பா பேசிட்டேன். அது உன்கிட்ட பேச வேண்டியது இல்ல. இனிமே பேச மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனா அவரும்..." என்று தொடர வேண்டாம்.

பதில் வராமல் போகலாம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்பான். அப்போது ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.